ஒராசியோவுக்குத் தெரிந்த அரபு

அக்கரப்பத்தனை ஃபெக்டரியின் வாட்டுமாடியைப் பார்க்க
அர்ஜென்டினாவிலிருந்து ஓர் ஆள் வந்திருந்தார்.
அங்கேயும் தேயிலை உண்டாம். செம்மண்ணாம்.
கொழுந்தை டிராக்டர் மாதிரி ஒன்று
மேய்ந்துகொண்டே போகுமாம்.
அதைச் சொன்ன டீமேக்கர்
எங்கள் விரல்களைப் பார்க்காமல் சொன்னார்.

பெயர் ஒராசியோ யாஸ்பெக்.
யாஸ்பெக் என்றதும்
தோளில் இருந்த சாக்கை இறக்கிவிட்டேன்.
ஸஹ்லேயில் ஒன்பது வருடம்
நான் துடைத்த வீட்டுக்கும் அதே பெயர்.
அதே குடும்பம் என்று சொல்ல முடியாது.
அங்கே யாஸ்பெக், இங்கே ராமையா மாதிரி,
லயத்துக்கு நாலு பேர்.

"கீஃபக்?" என்று சுகம் கேட்டேன்.
அவருக்குப் புரியவில்லை.
மறுபடி கேட்டேன், மெதுவாக,
மேடம் எனக்குச் சொல்லித்தந்த மாதிரியே
சத்தமாக.
கூடை வாய் திறந்து பேசியது போல
டீமேக்கர் என்னைப் பார்த்தார்.

ஒராசியோ கையை விரித்துச் சிரித்தார்.
அவர் சொன்ன இங்கிலீஷ் தமிழாகி வந்தது:
பூட்டன் கப்பலில் போனவர்.
துறைமுகத்தில் எழுதுகிறவன்
காகிதத்தில் துருக்கி முத்திரை கண்டு
துருக்கன் என்று எழுதிக்கொண்டான்.
நாலு தலைமுறையாய் ஊர் அவர்களை
"துர்க்கோ" என்கிறது.
துணிக்கடைத் துர்க்கோ, பல் பிடுங்கும் துர்க்கோ.
ஒருத்தரும் துருக்கியைக் கண்டதில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது.
என் பிறப்புச் சான்றிதழ் தகரப்பெட்டியில் கிடக்கிறது,
இனம்: இந்தியத் தமிழர்.
நான் பார்த்த இந்தியா
பிளேன் ஜன்னலில் ஒரு மேகத்துக்குக் கீழே இருந்தது.
ஸஹ்லேயில் எனக்குப் பெயர் "ஸிர்லங்கிய்யே".
வேலைக்காரி என்று அர்த்தம்.
பக்கத்து வீட்டம்மா சொல்வார்,
"எங்கள் ஸிர்லங்கிய்யே எத்தியோப்பியாக்காரி."
இதையெல்லாம்
டீமேக்கர் வாயில் வைத்து அனுப்ப முடியுமா.

பிறகு அவர்தான் கேட்டார்.
அரபில் ஒரே ஒரு வரி தெரியுமாம்.
இரவில் கட்டிலில் சாய்ந்ததும் பூட்டன் சொன்னது.
பாட்டன் சொன்னார், அப்பா சொன்னார்,
பிள்ளைகளின் நெற்றியில் சிலுவை போட்டு
இப்போது இவர் சொல்கிறார்.
என்ன ஜெபம் என்று மட்டும் தெரியாது.

தொப்பியைக் கழற்றினார்.
விசிறிகளின் இரைச்சலில், வாடும் இலைகளின் மணத்தில்
கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்:

"தஃபித் தவ்."

பதினொரு மணிக்கு, பன்னிரண்டுக்கு,
விருந்தாளி வந்த நாளில் இரண்டுக்கு,
கடைசிச் சட்டியைக் கழுவிக் கை விறைத்து நிற்கையில்
மாடியிலிருந்து மேடம் சொல்லும் கடைசிச் சொல்.
அதற்குமேல் விடியும்வரை
யாரும் என்னை எதுவும் கேட்கமாட்டார்கள்.
வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே
என் மெத்தை.
கௌரீஸ்வரிக்கு இப்போது எத்தனை பல் முளைத்திருக்கும் என்று
எண்ண நேரம் கிடைப்பது அப்போதுதான்.

"என்னான்னு சொல்லு புள்ள," டீமேக்கர் அவசரப்பட்டார்.
ஜெபம்தான் என்று சொல்லியிருக்கலாம்.
கர்த்தர் காப்பார் என்று சொல்லியிருக்கலாம்,
இந்த மலையில் யார் பிடிக்கப்போகிறார்கள்.

"லைட்ட அமத்து" என்றேன்.

ஸ்விட்ச் பக்கம் நின்ற பொடியன்
நிஜமாகவே அமத்திவிட்டான்.

இருட்டில் யாரோ சிரித்தார்கள்.
டீமேக்கர் அவனை ஏசினார்.
எனக்குப் பக்கத்தில், மூச்சோடு மூச்சாக,
அந்த வரி இன்னொரு தடவை கேட்டது.
அர்த்தம் தெரிந்த பிறகும்
அவர் அதை
ஜெபம் மாதிரியே சொன்னார்.

லைட் வந்தபோது தொப்பி தலையில் இருந்தது.
என் பெயரைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார்,
மூன்று இடத்தில் பிழையோடு.

நின்று பேசியதில் பின்னேரம் நிறை குறைந்தது.
கணக்கப்பிள்ளை செக்ரோலைத் திருப்பி
எனக்கு அன்று
அரைப்பேர் போட்டார்.